குட்டி போடச் சொல்லும் களிம்பு

ஒரு சின்ன டப்பா. அதிலிருந்து தீக்குச்சித் தலை அளவு எடுத்துத் தடவினால் போதுமாம், சில வாரங்களில் ஆர்க்கிட் குட்டி போடுமாம். யூடியூபில் இப்படிச் சொல்லும் வீடியோக்களுக்குக் குறைவில்லை. திருவிடைமருதூரில் வாசல் திண்ணையோரம் நாலு தொட்டி வைத்திருப்பவருக்கும் ஆசை வரத்தானே செய்யும்? ஒரு செடி வாங்கினால் பத்து செடி என்றால் யாருக்குத்தான் கசக்கும்!

டப்பாவில் இருப்பது பொய் இல்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். அது சைட்டோகைனின் வகை ஹார்மோனை, பெரும்பாலும் பென்சைல் அடினினை, கம்பளி ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின் கொழுப்பில் குழைத்த களிம்பு. ஃபலனாப்சிஸ் ஆர்க்கிடின் பூந்தண்டில் கணுக்கள் இருக்கும். கணுவை மூடிய செதிலைப் பிளேடால் நீக்கி, உள்ளே தூங்கும் மொட்டின் மேல் தடவினால் மொட்டு விழித்துக்கொள்ளும். அது பூங்கிளையாகவும் போகலாம், குட்டிச் செடியாகவும் வரலாம். குட்டிக்கு ஹவாய் மொழியில் ‘கெய்கி’ என்று பெயர். குழந்தை என்று அர்த்தம்.

சரி, அப்புறம் என்ன குறை? ஹார்மோன் என்பது சோறு இல்லை, வெறும் கட்டளை. “குட்டி போடு” என்று அது உத்தரவு போடும். சொந்த வேர் விடும்வரை குட்டிக்குச் சாப்பாடு போட வேண்டியது தாய்ச்செடிதான். ஆனால் களிம்பைத் தேடி ஓடுகிறவர்களில் பலர் வைத்திருப்பது வேர் அழுகி, இலை சுருங்கிய செடி. “எப்படியும் சாகப்போகிறது, ஒரு குட்டியாவது மிஞ்சட்டும்” என்று தடவுகிறார்கள். பட்டினி கிடப்பவள் தலையில் பிள்ளைப்பேற்றைச் சுமத்துகிற வேலை இது. தாயும் போகும், குட்டியும் போகும்.

அளவு கூடினால் இன்னும் மோசம். சைட்டோகைனின் மிஞ்சினால் தளிர் வரும், வேர் வராது என்பதைப் புகையிலைத் திசுவில் ஸ்கூக், மில்லர் இருவரும் 1957லேயே காட்டிவிட்டார்கள். அதனால்தான் ஒரே கணுவில் கொத்துக் கொத்தாகக் கோணல் தளிர்கள் முளைத்து, ஒன்றுகூட வேர் பிடிக்காமல் நிற்கின்றன. வீடியோ எடுப்பவர் மூன்றாவது வாரத்தோடு கேமராவை மூடிவிடுகிறார். குட்டியைப் பிரித்து நட்டு, பூ பார்க்க இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்பதை யார் சொல்வது?

வளர்ச்சி என்றாலே நல்லது என்ற நினைப்பு நெல் விளையும் ஊரில் இருக்கவே கூடாது. வளர்ச்சி ஹார்மோன்களில் இன்னொன்றான ஜிப்ரெலின் கண்டுபிடிக்கப்பட்டதே நெல் நோயிலிருந்துதான். சில நாற்றுகள் மட்டும் வெளிறி, மெலிந்து, மற்றதைவிட மளமளவென்று உயரும். பிறகு செத்துப்போகும், பிழைத்தாலும் பதராகும். ஜப்பானில் இதற்கு ‘பக்கானே’, அதாவது முட்டாள் நாற்று, என்று பெயர். ஒரு பூஞ்சை சுரக்கும் பொருள்தான் காரணம் என்று 1926இல் குரோசாவா காட்டினார். 1935இல் யபுதா அதற்கு ஜிப்ரெலின் என்று பெயர் வைத்தார்.

இதற்கு நேரெதிர்க் கதை ஐ.ஆர்.8. 1966இல் வந்த அந்தக் குட்டை நெல் சாயாமல் நின்று களஞ்சியத்தை நிறைத்தது. அது ஏன் குட்டை என்பது 2002இல் தெரிந்தது: ஜிப்ரெலின் தயாரிக்கும் மரபணு ஒன்று அதில் பழுது! ஹார்மோன் கூடிய நாற்று பதரானது, குறைந்த பயிர் சோறு போட்டது. 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் திருவிடைமருதூருக்குப் பக்கத்து ஊரில்தான் இருக்கிறது. குட்டை ரகத்தின் அருமையை இந்தப் பக்கத்து விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“கெமிக்கல் வேண்டாம், இயற்கையாக இளநீர் ஊற்றுகிறேன்” என்பது இன்னொரு கட்சி. தேங்காய்த் தண்ணீரிலும் சைட்டோகைனின் உண்டு. 1941இல் ஊமத்தைக் கருக்களை ஆய்வகத்தில் வளர்க்க அதைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் அது கிருமி நீக்கிய கண்ணாடிக் குடுவையில். திண்ணைத் தொட்டியில் ஊற்றினால் அதிலுள்ள சர்க்கரை எறும்புக்கும் பூஞ்சைக்கும்தான் விருந்து.

அதோடு, எந்தச் செடியை எந்த ஊரில் வளர்ப்பது என்று ஒன்று இருக்கிறதே! இரவும் பகலும் 28 டிகிரிக்கு மேலேயே இருந்தால் ஃபலனாப்சிஸ் பூந்தண்டு விடாது. டெல்டாவில் அதற்குத் தோதான குளிர்ந்த இரவு மார்கழி, தையில்தான். தண்டே அபூர்வம் என்றால் களிம்பை எங்கே தடவுவது?

இந்த வெயிலுக்கு ஏற்றது டென்ட்ரோபியம். அது பெருகக் களிம்பே வேண்டாம். பக்கத்திலேயே புதுத் தண்டு விட்டுக்கொண்டே போகும். இலை உதிர்ந்த பழைய தண்டைக் காய்ந்துவிட்டது என்று வெட்டி எறியக் கூடாது, செடியின் சேமிப்பு அதில்தான் இருக்கிறது. அதன் கணுவிலிருந்தே சில சமயம் குட்டி தானாக வரும். தொட்டி நிறைந்ததும், புதுத் தளிர் வேர் விடத் தொடங்கும் நேரத்தில், பங்குக்கு மூன்று தண்டாவது இருக்கும்படி பிரித்து, ஓட்டை போட்ட மண்தொட்டியில் அடுப்புக்கரியும் செங்கல் துண்டும் போட்டு நட வேண்டும். அவ்வளவுதான்!

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? நல்ல வேரும் நாலைந்து தடித்த இலையும் உள்ள ஃபலனாப்சிஸ் வைத்திருப்பவர் ஒரே ஒரு கணுவில் தடவிப் பார்க்கட்டும், தப்பில்லை. மற்றவர்கள் அந்த டப்பாக் காசை ஒரு டென்ட்ரோபியம் தொட்டிக்குக் கொடுக்கலாம். மூன்று வருஷத்தில் அது தானாகவே இரண்டு தொட்டியாகும். ஒன்றை எதிர்வீட்டுக்குக் கொடுக்கலாம்.