பெயரறியா ஊழியர்

நன்னூலார் பொதுப்பாயிரத்தில் நூல், ஆசிரியன், கற்பிக்கும் முறை, மாணாக்கன், கற்கும் முறை என ஐந்தனை வகுத்தார். கூடம் பெருக்குவார், மணி அடிப்பார், இரவு காப்பார் அவற்றுள் இடம்பெற்றிலர். நாமோ அவர்களைச் ‘சிற்றூழியர்’ என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிட்டோம். ஒக்டோபர் 6இல் ஆசிரியர்க்கு மாலை சூட்டும் மாணவருள் அவர்தம் பெயரறிந்தோர் எத்துணைப்பேர்?

கிளிநொச்சிப் பாடசாலைகள் 2008இல் போரால் இடம்பெயர்ந்து, பின்னர் மீண்டவை. அந்நாளில் இடாப்புகளையும் தளபாடங்களையும் காத்தவர் யார்? மீண்டபின் முற்றத்தைத் துப்புரவாக்கியவர் யார்? அறிந்த ஊழியர் ஓய்வுபெற்றுச் செல்லுமுன் மாணவர் அவர்களை அணுகிக் கேட்டெழுதுக; பாடசாலை மலரில் பெயரோடு பதிப்பிக்குக. பொன்னாடை போர்த்துவதனினும் அதுவே தக்க சிறப்பு. செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தை மனனம் செய்விக்கும் ஆசிரியர்களே இப்பணியைத் தொடக்கிவைத்தல் வேண்டும்.