மூடியின் கடமை

கலத்தின் வடிவில் நாம் காட்டும் அக்கறையை அதன் மூடியில் காட்டுவது அரிது. ஆயினும், உள்ளிருக்கும் பொருள் பயன்படுவதும் வீணாவதும் பல வேளைகளில் மூடியைச் சார்ந்தே அமைகின்றன. அடைத்து வைப்பது மட்டும் மூடியின் வேலையன்று. உரியவர்க்கு உரிய அளவில் தருவதும், தகாத கைக்குத் தர மறுப்பதும் அதன் கடமைகளாகும்.

அளவறிந்து தரும் கலையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். சிவன் கோயில்களில் தாராபாத்திரத்தின் அடியிலுள்ள சிறுதுளை, நீரைத் துளித்துளியாக விடுகிறது. கெண்டியின் மூக்கு வழியே நீர் வெளியேறும்போது அகன்ற வாய் வழியே காற்று உட்புகுகிறது. ஆகவே நீர் சீராக ஒழுகுகிறது. குறுகிய வாயுடைய புட்டியைக் கவிழ்த்தால் எண்ணெயும் காற்றும் ஒரே வழிக்குப் போட்டியிடுகின்றன; எண்ணெய் விட்டுவிட்டு விழுந்து சிந்துகிறது. எண்ணெய் வணிகத்தில் பெயர்பெற்ற விருதுநகர் மக்கள் இதனை நன்கறிவர்.

அண்மையிலுள்ள சிவகாசியின் தீப்பெட்டியும் சிந்திக்கத்தக்கது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தொழில், கரிசல் மண்ணின் வாழ்வாதாரமாயிற்று. 2021 டிசம்பரில் 2 ரூபாயாக விலை உயர்ந்த அப்பெட்டியில் வெளிக்கூடே மூடியாகவும் பயன்படுகிறது. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரசும் தனித்தனியே வைக்கப்பட்டுள்ளன. இரண்டும் உரசினாலன்றித் தீ எளிதில் பிறவாது. விலை குறைந்த பொருளிலும் பாதுகாப்பைப் பொருத்தலாம் என்பதற்கு இது சான்று. எனினும், குழந்தையின் விரலுக்கும் அது எளிதில் திறந்துகொள்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

இக்குறையைக் களையும் வழியை மருந்துப் புட்டிகள் காட்டுகின்றன. கனடாவின் வின்ட்சர் நகரக் குழந்தை மருத்துவர் ஆன்றி புரோ, மருந்தை விழுங்கிய குழந்தைகளைக் கண்டு வருந்தி, அழுத்தித் திருகினால் மட்டுமே திறக்கும் மூடி 1967இல் உருவாகக் காரணமானார். அமெரிக்கா 1970இல் இத்தகைய மூடிகளுக்கெனச் சட்டம் இயற்றியது. அங்குள்ள சோதனையில் சிறு குழந்தைகளுள் 100க்கு 80 பேரேனும் திறக்க இயலாது தோற்க வேண்டும். 50 முதல் 70 வயது வரையுள்ளோருள் 100க்கு 90 பேரேனும் திறந்து, மீண்டும் மூட வேண்டும். குழந்தையைத் தடுப்பதோடு முதியவர்க்கு இடர் தராமையும் நல்ல மூடியின் இலக்கணம் என்பதை இவ்விதி உணர்த்துகிறது.

நம் வீடுகளிலோ பினாயிலும் அமிலமும் பூச்சிமருந்தும் பழைய குளிர்பானப் புட்டிகளில் இடம்பெறுகின்றன. குடிநீர்ப் புட்டிக்கும் நச்சுப் புட்டிக்கும் ஒரே வகை மூடி இருப்பின், எழுத்தறியாக் குழந்தை வேறுபாட்டை எங்ஙனம் அறியும்? பாதுகாப்பான மூடி விலையைக் கூட்டும் என்பர் சிலர். சில காசுகள் கூடலாம். ஓர் உயிரின் இழப்போ ஈடுசெய்ய இயலாதது. நச்சுப் பொருள்களுக்கு அத்தகைய மூடியைக் கட்டாயமாக்குவதே முறை.

அச்சிலும் அட்டைப்பெட்டித் தொழிலிலும் தேர்ந்த சிவகாசி வட்டாரத்து இளைஞர்கள் இத்துறையிலும் கருத்தைச் செலுத்த வேண்டும். பெரிய எந்திரங்களை வடிவமைப்பது மட்டுமே பொறியியலன்று. முதியவரின் நடுங்கும் கைக்குத் திறந்து, குழந்தையின் கைக்குத் திறவாத சிறுமூடியை எளிய விலையில் ஆக்குவதும் உயர்ந்த பொறியியலே.