விடுபட்ட பெண்கள்

"உலகின் முதற்பெண் தலைமையமைச்சர்" என்னும் தொடரின்றிச் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் வாழ்க்கைச் சுருக்கம் எதனையும் காண்டல் அரிது. அத்தொடர் பொய்யன்று. 1959இல் கணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு சூலைத் திங்களிலேயே, அதுவரை அமைச்சுப் பொறுப்பு எதுவும் வகித்திராத அவர் இலங்கையின் ஆட்சித்தலைமையை ஏற்றார். 1962இல் நிகழ்ந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியை முறியடித்தார். 1976இல் கொழும்பில் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். பெண்ணுக்கு ஆளுந்திறம் இல்லை என்ற பழம்பேச்சைப் பொய்யாக்கிய அவர்தம் ஆற்றலை மறுத்தல் நேர்மையாகாது.

ஆயினும், சிறுநூலொன்றைக் கற்பார் அதில் எது விரிகின்றது, எது சுருங்குகின்றது என்பதையும் நோக்கல் வேண்டும். 1980இல் அவருடைய குடிமை உரிமைகள் ஏழாண்டுகட்கெனப் பறிக்கப்பட்டன. அதனைக் கொடுமையென்று எழுதுவோர் எழுதுக; தவறில்லை. ஆனால், 1964 அக்தோபர் 30ஆம் நாள் அவரும் இந்தியத் தலைமையமைச்சர் சாத்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை, "நெடுநாட் சிக்கல் தீர்ந்தது" என்று ஒரே வரியில் முடிப்பது எவ்வாறு அறமாகும்?

அவ்வொப்பந்தம் நாடற்றோராய் நின்ற 9,75,000 மலையகத் தமிழரைப் பற்றியது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்ப் பார்த்துக்கொள்ளப்படுவர் எனப் பங்கிட்டனர். அம்மக்களின் ஒப்புதலை எவரும் கேட்டிலர். அவர்களை நாடற்றோராக்கிய 1948ஆம் ஆண்டுச் சட்டம் சிறிமாவோ இயற்றியதன்று. பங்கீட்டில் கையெழுத்திட்ட மற்றொரு கை இந்தியாவினுடையது. இவ்விரண்டும் உண்மையே. எனினும் அவர் கையெழுத்தும் அதில் உள்ளது. தேயிலைக் கொழுந்தைக் கிள்ளி இலங்கைக்குப் பொருளீட்டித் தந்தோரில் பெரும்பாலார் பெண்கள். பெண்ணுயர்வு பேசும் நூலில் அவர்களுக்கு இடமில்லை!

1961இல் சிங்களமே ஆட்சிமொழி என்பது முழுமையாய் நடைமுறைக்கு வந்தபோது, யாழ்ப்பாணத்தில் மாவட்டச் செயலகத்தின்முன் தமிழர் அறப்போர் நடத்தினர். அதிலும் பெண்கள் அமர்ந்திருந்தனர். நெருக்கடிநிலை அறிவித்துப் படையை ஏவி அப்போரை ஒடுக்கியது சிறிமாவோ அரசே. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பில் சிங்களத்தின் தனியுரிமையை நிலைநிறுத்தியதும், பல்கலைக்கழகம் புகத் தமிழ் மாணவர் கூடுதல் மதிப்பெண் பெறவேண்டும் என்றாக்கியதும் அவ்வம்மையாரின் அரசுதான். அவ்வாண்டுகளில் கதவடைக்கப்பட்ட தமிழ் மகளிரும் பெண்களல்லரோ?

2000 அக்தோபர் 10ஆம் நாள், தேர்தலில் வாக்களித்துத் திரும்பும் வழியில் அவர் உயிர் நீத்தார். அவர் வாழ்வை இகழ்ந்தெழுதுவது வரலாறாகாது. புகழ்ந்து மட்டும் எழுதுவதும் வரலாறாகாது. அரியணை ஏறிய ஒரு பெண்ணையும், அவ்வாட்சியில் நாடும் மொழியும் கல்வியும் இழந்த பல்லாயிரம் பெண்களையும் ஒரே நூலில் காட்டவல்ல சிறுவரலாறு தமிழில் எழுதப்படல் வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுக்கத்தக்க நூல் அதுவேயாகும்.