காசு குடுத்து வாங்கின புகை

"நாப்பது வருஷம் அடுப்படியில புகையக் குடிச்சு என் கண்ணு போச்சு. நீ காசு குடுத்துப் புகைய வாங்கியாந்திருக்கியாடா?"

எங்க ஆயா கேட்ட கேள்வி மக்களே இது. இடம், பென்னாகரம் பக்கத்துல எங்க வீட்டுப் புறக்கடை. காரணம், ரெண்டு மாமரத்துக்கு நடுவுல ரயில் எஞ்சின் குட்டி போட்ட மாதிரி நின்னுக்கிட்டிருந்த ஒரு கறுப்பு பேரல்.

அதுக்குப் பேரு ஆஃப்செட் ஸ்மோக்கர். செஞ்சது என் நண்பன். பத்தாவது வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே பெஞ்ச். அப்புறம் நான் காலேஜ், அவன் ஐ.டி.ஐ. வெல்டர். இப்ப மெயின் ரோட்டுல சின்னதா ஒரு பட்டறை. கேட்டு, கிரில்லு, ஆட்டுப்பட்டிக்குக் கதவுனு ஓடிக்கிட்டிருந்தவன்கிட்ட ஓசூர் பக்கத்து ரிசார்ட்காரர் ஒருத்தர் செல்போன்ல வீடியோ காட்டி, "இது மாதிரி பண்ணுவியா தம்பி? சாம்பிள் காட்டு. கறி நல்லா வந்தா ரெண்டு எடுத்துக்கறேன்"னு சொல்லியிருக்கார். அவ்வளவுதான்! ரெண்டு மாசமா மிச்சம் பிடிச்ச காசை மொத்தமா இதுல கொட்டிட்டான். அட்வான்ஸ்? மூச்! ஞாயித்துக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்கு அவரு நேர்ல வர்றதா ஏற்பாடு. பட்டறையில இடம் இல்லாததால பரீட்சை ஹால் எங்க வீடு.

மேட்டர் சிம்பிள். படுக்க வெச்ச 200 லிட்டர் பேரல்தான் கறி வேகுற அறை. அதோட ஒரு பக்கத்துல, கொஞ்சம் கீழே இறக்கி ஒரு நெருப்புப் பெட்டி. எதிர்ப் பக்கத்துல புகைபோக்கி. விறகு எரியறது பெட்டிக்குள்ள. சூடும் புகையும் மட்டும் பேரல் வழியா நடந்து, கறியைத் தடவிட்டு, புகைபோக்கி வழியா வெளியே போயிடும். கறிக்குக் கீழ நெருப்பே கிடையாது. தந்தூரி அடுப்புல நிமிஷக் கணக்கு, இதுல மணிக் கணக்கு. உள்ளே 107லேருந்து 135 டிகிரி செல்சியஸுக்குள்ள சூட்டை நிறுத்தணும். கேக்க ஈஸியா இருக்குல்ல? எங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

இதோட தாய்வீடு அமெரிக்காவுல டெக்சாஸ். 19-ம் நூற்றாண்டுல அங்கே குடியேறின ஜெர்மன், செக் நாட்டுக் கசாப்புக் கடைக்காரங்க, வித்தது போக மிஞ்சின கறி கெட்டுப் போகாம இருக்கப் புகை போட்டு வித்தாங்க. லாக்ஹார்ட்னு ஒரு சின்ன ஊர்ல 1900-ல ஆரம்பிச்ச க்ரூஸ் மார்க்கெட் இன்னிக்கும் ஓடுது. ஆஸ்டின்ல ஆரன் ஃப்ராங்க்ளின்னு ஒருத்தர் 2009-ல ஒரு டிரெய்லர் வண்டியில கடை போட்டார். 2015-ல அமெரிக்கச் சமையல் உலகத்தோட பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருதை வாங்கிட்டார். நண்பன் இந்தக் கதையை எனக்கு நாலு தடவை சொன்னான். ஒவ்வொரு தடவையும் அந்த டிரெய்லர் வண்டி அவன் பட்டறை மாதிரியே ஆகிக்கிட்டு வந்துச்சு.

ஆயாகிட்ட டெக்சாஸ் கதையை எடுத்து விட்டேன். அசரலையே! "பண்டிகைக்கு ஆடு வெட்டினா மிஞ்சின கறிக்கு உப்பு, மஞ்சத்தூளு, மொளகாத்தூளு போட்டு, கவுத்துல கோத்து வெயில்ல காயவெச்சு, அடுப்புக்கு மேல கட்டித் தொங்க விடுவோம். உப்புக்கண்டம். அதுக்குப் போயி அமெரிக்காவாம்..."னு வெத்தலையைக் குதப்பிக்கிட்டே போயிட்டாங்க.

சனிக்கிழமை மதியம் முதல் வேலை, பேரலைப் பழக்குறது. புது இரும்பு தோசைக்கல்லை எண்ணெய் தடவிப் பழக்குவோமே, அதேதான். உள்பக்கம் முழுக்கக் கடலெண்ணெய் தடவி, மூணு மணி நேரம் வெறும் நெருப்பு. செய்யணும்னு நினைக்கிறவங்க ரெண்டு விஷயத்தைக் குறிச்சுக்கங்க. கெமிக்கல் வந்த பேரல் வேண்டவே வேண்டாம். நாங்க எடுத்தது சமையல் எண்ணெய் வந்தது. அதுலயும் பெயின்ட்டை எரிச்சு, சுரண்டி எடுத்துட்டுத்தான் வேலையை ஆரம்பிச்சான். அடுத்தது, துத்தநாகம் பூசின ஜி.ஐ. தகடு, ஜி.ஐ. பைப்பை நெருப்புப் பக்கமே கொண்டு போகாதீங்க. சூடேறினா வர்ற புகை விஷம். ஹாஸ்டல் ரூமுக்குள்ள ட்ரை பண்ணலாமானு கேக்குற புண்ணியவான் யாராவது இருந்தா, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது பாஸ். வெட்டவெளி மட்டும்தான்.

சாயந்திரம் ட்ரயலுக்கு ஒரு முழு பிராய்லர் கோழி. விறகு எது? இங்கதான் என் மூளை வேலை செஞ்சுது. டெக்சாஸ்ல மெஸ்கீட்னு ஒரு மரம், பார்பெக்யூவுக்கு ரொம்ப ஃபேமஸ். அது யாருனு தேடிப் பார்த்தா... நம்ம வேலிக்காத்தானோட சொந்தக்காரன்! சீமைக்கருவேலம், தண்ணியை உறிஞ்சுது, வெட்டி எறிங்கனு 2017-ல மதுரை ஹைகோர்ட் வரைக்கும் போன அதே மரத்தோட அக்கா தங்கச்சி. 'ஓசியில கிடைக்குதே, ரோட்டோரம் பூரா டெக்சாஸ்தானே'னு ஓடிப்போய் ஒரு கட்டு வெட்டிட்டு வந்தேன்.

வெட்டினது மத்தியானம், எரிச்சது சாயந்திரம். பச்சை விறகு! புஸ்ஸுனு நுரை கக்குச்சே தவிர எரியவே இல்லை. வெள்ளை வெளேர்னு கெட்டியா புகை. 'ஆஹா, ஸ்மோக்கர்னா இதுதான்'னு நாங்க போட்டோ எடுத்துக்கிட்டோம். புகை வெளியே போய் வேஸ்ட் ஆகுதேனு புகைபோக்கியைப் பாதி மூடி வேற வெச்சோம். பக்கத்து வீட்டு அக்கா, வைக்கோல்போர் பத்திக்கிச்சோனு குடத்தோட ஓடி வந்துட்டாங்க.

மூணு மணி நேரம் கழிச்சுத் திறந்தா, கோழி தார் ரோட்டுல உருண்டு எழுந்த மாதிரி இருந்துச்சு. தெர்மாமீட்டர் குத்திப் பார்த்தோம். கோழிக்கு வேண்டிய 74 டிகிரி வந்திருந்தது. அதாவது வெந்துடுச்சு. ஆனா வாயில வெச்சா கசப்பு, அப்புறம் நாக்கு மரத்துப் போச்சு. எங்க வீட்டு நாய் மோந்து பார்த்துட்டு என்னை ஒரு பார்வை பார்த்துச்சு பாருங்க... அரியர் ரிசல்ட் வந்தப்போ அப்பாகூட அப்படிப் பார்த்ததில்லை.

நண்பன் பேசவே இல்லை. சோகத்தை விட, கணக்குப் போட்டுக்கிட்டிருந்தான்னு நினைக்கிறேன். தகடு, ராடு, கீல், தெர்மாமீட்டர்...

ஞாயிறு காலையில ஆயாவே புறக்கடைக்கு வந்தாங்க. பேரலைச் சுத்தி ஒரு ரவுண்டு. "பச்சை வெறகப் போட்டுப் பொகையப் போற வழியையும் அடைச்சா அது என்னடா பண்ணும்? கறியிலதான் உக்காரும்." ஒரே வரி! அதுக்கு விஞ்ஞான விளக்கத்தை நான் அப்புறமா தேடிப் படிச்சேன். ஈர விறகு நீரை ஆவியாக்கவே சூட்டைச் செலவழிச்சுடும். காத்தும் பத்தலைன்னா மரம் முழுசா எரியாது. அந்த வெள்ளைப் புகை பாதி எரிஞ்ச தாரும் நீராவியும் சேர்ந்த கலவை. நல்லா எரியிற நெருப்புல வர்ற புகை மெலிசா, லேசா நீலம் ஓடி, இருக்கா இல்லையானு சந்தேகம் வர்ற மாதிரி இருக்கும். ருசி தர்றது அதுதான். ஸ்மோக்கர்ல புகை போடக் கூடாது மக்களே, நெருப்பை ஒழுங்கா எரிய விடணும். பேருல மட்டும்தான் ஸ்மோக்.

மூலையில ரெண்டு வருஷமா அடுக்கி வெச்சிருந்த மாவிறகைக் காட்டினாங்க ஆயா. தர்மபுரி ஜில்லாவுல மாமரத்துக்கா பஞ்சம்! மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்தோம். மூடி சரியா உக்காராத இடத்துலயும் வெல்டிங் விட்ட சந்துலயும் புகை ஒழுகிச்சு. நண்பன் கிரைண்டரைத் தேடுறதுக்குள்ள ஆயா களிமண்ணும் சாம்பலும் குழைச்சு வெளியே பூசியே முடிச்சுட்டாங்க. புகைபோக்கி முழுசா திறப்பு. முதல்ல கொஞ்சம் கங்கு. அப்புறம் அரைமணிக்கு ஒரு துண்டு விறகு, அதையும் பெட்டி மேல வெச்சுச் சூடேத்தின பிறகுதான் உள்ளே விடணும். வெச்ச உடனே குப்புனு பத்திக்கணும். ஊதாங்குழலைக் கூட எடுக்க விடலை.

கொஞ்ச நேரத்துல புகைபோக்கியில புகை ஏறக்குறைய காணாமலே போச்சு. ஒகேனக்கல்ங்கிற பேருக்குக் கன்னடத்துல 'புகையும் கல்'னு அர்த்தம். கோடையில தண்ணி குறைஞ்சப்போ அருவி மேல ஒரு மெலிசான சாரல் நிக்குமே, அந்த அளவுதான் இருந்துச்சு.

பத்து மணிக்கு ஆட்டு முன்னந்தொடை உள்ளே போச்சு. ஒன்றரை கிலோ. கிலோ எண்ணூறைத் தாண்டிப் போயிட்ட காலத்துல இன்னொரு கறிக்கு வழியில்லை, ஒரே சான்ஸ்! மிளகு, உப்பு, கொஞ்சம் மஞ்சத்தூள், அவ்வளவுதான். ஒரு மணிக்குள்ள கறிக்குள்ள 68 டிகிரி. சூப்பர்னு சாப்பிடப் போய்ட்டு வந்து பார்த்தா 68. ரெண்டு மணிக்கும் 68. நண்பனுக்கு வேர்த்துடுச்சு. மூணு கட்டையை எடுத்து மொத்தமா உள்ளே திணிச்சான். பேரல் சூடு 175-க்கு எகிறிடுச்சு! ஆயா ஓடி வந்து இடுக்கியால ரெண்டை வெளியே இழுத்துப் போட்டாங்க.

கறி ஏன் அப்படி அடம் பிடிக்குதுன்னா, அதுக்கும் வேர்க்குது. மேல கசியிற ஈரம் ஆவியாகி, உள்ளே ஏறுற சூட்டை எடுத்துக்கிட்டே இருக்கும். மண்பானைத் தண்ணி சில்லுனு இருக்கற அதே சங்கதி. டெக்சாஸ்காரங்க இந்த நேரத்துல காகிதத்துல சுத்திடுவாங்க. நாங்க கொல்லையில வாழை இலையை அறுத்து, வாட்டி, மூணு அடுக்கா சுத்தினோம். ஆவி போக வழியில்லாம சூடு மெதுவா ஏற ஆரம்பிச்சுது. நாலரைக்கு 93. இந்தச் சூட்டுலதான் கெட்டியான ஜவ்வு கரைஞ்சு கூழாகும். அரைமணி நேரம் இலையோட ஆற விட்டோம்.

அஞ்சு பத்துக்கு கார் வந்துச்சு. கத்தியே தேவைப்படலை, எலும்பைப் பிடிச்சு இழுத்தா தனியா வந்துடுச்சு. ரிசார்ட்காரர் ஒரு துண்டு வாயில போட்டார். எதுவும் சொல்லலை. இன்னொண்ணு. மூணாவது துண்டை எடுத்துக்கிட்டே பேரலைத் தட்டிப் பார்த்தார். "தகடு மெலிசு தம்பி. ஒரு மில்லிதானே இருக்கும்? வருஷத்துல ஓட்டை விழுந்துடும். ஆறு மில்லியில ஒண்ணு பண்ணு. ரெண்டு இல்ல, ஒண்ணு. அட்வான்ஸ் தர்றேன்." நியாயமான பேச்சுதான். டெக்சாஸ்லயும் நல்ல ஸ்மோக்கர் கால் இஞ்ச் தகடுலதான் வரும். அதுல சூடும் சீக்கிரம் இறங்காது.

நண்பன் அந்த நோட்டை எண்ணாமலே பாக்கெட்ல வெச்சுக்கிட்டான். அப்புறம் தனியா போய் எண்ணினதை நான் பார்த்தேன்.

ஆயாவுக்கு ஒரு தட்டுல கொண்டு போனேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா தெனமும் திங்காத"ன்னாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வுப் பிரிவும், புகை போட்டுப் பதப்படுத்தின கறி புற்றுநோய் உண்டாக்கும்னு 2015-ல பட்டியல் போட்டிருக்கு. எப்பவாவது ஒரு நாள்னா சரி. கண்ணைப் பத்தியும் கேட்டேன். கேஸ் அடுப்பு வந்த பிறகுதான் அடுப்படியில உக்காந்து வெளிச்சத்துல கீரை ஆஞ்சாங்களாம். அதுக்கு முன்னாடி எல்லாம் தடவிப் பார்த்துத்தான். "இந்தப் பொகை போற கொழா ஒண்ணு அப்பவே யாராவது வெச்சுக் குடுத்திருந்தா..."ன்னாங்க. மேல சொல்லலை. நானும் கேக்கலை.

பேரலை நண்பன் எடுத்துட்டுப் போகலை. திங்கட்கிழமை காலையில காலேஜுக்குக் கிளம்புறப்போ புறக்கடைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். ஆஃப்செட் ஸ்மோக்கரோட நெருப்புப் பெட்டி மேல வெந்நீர் அண்டா. உள்ளே, போன சனிக்கிழமை நான் வெட்டிப் போட்ட வேலிக்காத்தான் கட்டு வரிசையா காய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

"குளிச்சுட்டுப் போடா, தண்ணி சூடாயிடுச்சு"ன்னாங்க ஆயா.