கையேட்டுக்கு மதிப்பெண் போடுகிறவர்கள்

இருபது ஆண்டுகளாக மென்பொருள் கருவிகளுக்குக் கையேடு எழுதிப் பிழைப்பவன் நான். யாரும் விரும்பிப் படிக்காத உரைநடையை எழுதுகிறோம் என்ற கூச்சம் எப்போதும் உண்டு. இன்று அந்த உரைநடைக்குச் சலிக்காத வாசகர் ஒருவர் வாய்த்திருக்கிறார்: செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட். மனிதர்கள் கருவியைத் தட்டிப் பார்த்து, வழி தெரியாதபோதுதான் கையேட்டைப் புரட்டுவார்கள். ஏஜென்டோ கையேட்டைப் படிக்கிறது. படித்த கையோடு கட்டளையை இயக்கிவிடுகிறது. ஆகவே, ஏஜென்டுகளுக்கு ஏற்றபடி உங்கள் கையேடு இருக்கிறதா என்று மதிப்பெண் போடும் வழக்கம் கிளம்பியிருக்கிறது. அந்த மதிப்பெண்களில் பெரும்பகுதி எதையும் அளக்கவில்லை என்பதே என் வாதம்.

எதைப் பார்க்கிறார்கள்? தளத்தின் முக்கியப் பக்கங்களை மொழி மாதிரிகளுக்குச் சுட்டிக்காட்டும் ‘எல்எல்எம்ஸ் டாட் டிஎக்ஸ்டி’ என்ற கோப்பு இருக்கிறதா? (ஜெரமி ஹோவர்ட் 2024 செப்டம்பரில் முன்வைத்த யோசனை இது.) பக்கங்கள் மார்க்டவுன் வடிவில் கிடைக்கின்றனவா? நீளம் அளவோடு இருக்கிறதா? இவை வேண்டாதவை அல்ல. ஆனால் அட்டையையும் பொருளடக்கத்தையும் பார்த்துவிட்டு எழுதப்படும் மதிப்புரை எப்படியிருக்கும் என்பது சிற்றிதழ் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இன்னொரு கூட்டம் கையேட்டை வேறொரு மொழி மாதிரியிடம் கொடுத்து மதிப்பெண் கேட்கிறது. அது சரளமான நடையைப் புகழ்கிறது. சரளமாகவும் தவறாகவும் எழுத முடியும் என்பதற்கு நம் பத்திரிகைகளே சாட்சி.

நான் பணிபுரிந்த ஓரிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பழைய பதிவுகளை நீக்கும் கருவி ஒன்றுக்குக் கையேடு எழுதியவன் நானே. ‘பழைய’ என்றால் எத்தனை நாள் என்று எழுதவில்லை. நீக்கியதை மீட்க முடியாது என்றும் எழுதவில்லை. பல ஆண்டுகள் எந்தத் தீங்கும் நேரவில்லை. சந்தேகம் வந்தவர்கள் பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டுக்கொண்டார்கள். ஏஜென்டுக்குப் பக்கத்து இருக்கை கிடையாது. ஒரு பிற்பகலில் அது மூன்று மாதச் சோதனைத் தரவுகளைத் துடைத்துவிட்டது. அந்தக் கையேடு அதற்கு முந்தைய வாரம்தான் உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தது.

நன்னூல், நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்கிறது. அவற்றுள் முதலாவது குன்றக் கூறல். என் குற்றம் அதுதான். மிகைபடக் கூறலும் அங்கே உண்டு; ஏஜென்டின் நினைவுப் பரப்புக்கு எல்லை உண்டாகையால், வேண்டாத பத்திகள் வேண்டியதை வெளியே தள்ளிவிடும். மாறுகொளக் கூறல் இவை எல்லாவற்றினும் கொடியது. பழைய பதிப்பின் பக்கமும் புதிய பதிப்பின் பக்கமும் ஒரே தளத்தில் கிடந்தால், மனிதர் குழம்பி நிற்பார். ஏஜென்ட் இரண்டையும் கலந்து, எந்தப் பதிப்பிலும் இல்லாத கட்டளை ஒன்றைப் படைத்துவிடும்.

அப்படியானால் எப்படி மதிப்பிடுவது? விளைவை வைத்துத்தான். 2023இல் வெளிவந்த ‘எஸ்டபிள்யூஇ பெஞ்ச்’, 12 பைத்தான் மென்பொருள்களிலிருந்து எடுத்த 2294 உண்மைச் சிக்கல்களை மாதிரிகளிடம் கொடுத்தது; விடையின் அழகைப் பார்க்காமல், சோதனை நிரல்கள் தேறுகின்றனவா என்று பார்த்தது. கையேட்டுக்கும் இதுவே வழி. ஒரே வேலையைக் கையேட்டோடும் கையேடு இல்லாமலும் ஏஜென்டிடம் பலமுறை கொடுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே கையேட்டின் மதிப்பு. புகழ்பெற்ற கருவி என்றால் மாதிரி அதைப் பயிற்சியிலேயே மனனம் செய்திருக்கும். மோசமான கையேடும் அங்கே தேறிவிடும். எனவே, பெயர்களை மாற்றியோ நேற்று வந்த அம்சத்தைக் கொண்டோ சோதிக்க வேண்டும். கையேட்டில் விடை இல்லாத கேள்வியையும் கேட்க வேண்டும். அப்போது ஏஜென்ட் நின்று கேட்கிறதா, கற்பனை செய்கிறதா என்பது தெரிந்துவிடும்.

மூல நிரலையே ஏஜென்ட் படித்துக்கொள்ளும், கையேடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நிரல் என்ன செய்கிறது என்பதை நிரல் சொல்லும். என்ன செய்ய வேண்டும் என்று எண்ணி எழுதப்பட்டது என்பதை அது சொல்லாது. பிழையும் நோக்கமும் நிரலுக்குள் ஒரே முகத்தோடுதான் இருக்கும்.

1971 நவம்பரில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொகுத்த முதல் யூனிக்ஸ் கையேட்டில், கட்டளைகளுக்கான பக்கங்களில் ‘பிழைகள்’ என்றொரு தலைப்பு உண்டு. தம் கருவி எங்கே தவறும் என்று ஆக்கியவர்களே எழுதிவைத்த இடம் அது. இன்றைய மதிப்பெண் பட்டியல்களில் நான் முதலில் தேடுவது அதைத்தான், பெரும்பாலும் காண்பதில்லை. என் கையேட்டில் இப்போது அந்தத் தலைப்பு இருக்கிறது. அதன்கீழ் முதல் வரி, நீக்கியதை மீட்க முடியாது என்பது.