குற்ற வரைபடம் ஆளைக் குறிக்க வேண்டாம், இடத்தைக் குறிக்கட்டும்

1934-இல் ராமநாதபுரம் மாவட்டத்து அபிராமத்தில் கூடிய ஆப்பநாட்டு மறவர் மாநாடு, குற்றப் பரம்பரைச் சட்டத்தை நீக்கச் சொல்லி அரசைக் கேட்டது. ‘கைரேகைச் சட்டம்’ என்று மக்கள் வெறுத்த அந்தச் சட்டம் 1929-இல் ஆப்பநாட்டின் 19 கிராமங்கள் மீது ஏவப்பட்டிருந்தது. முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகப் பேசி எதிர்ப்பைத் திரட்டிய பிறகு, பதிவேட்டில் ஏற இருந்த சுமார் 2,000 பேர் 341 பேராகக் குறைந்தார்கள். சட்டம் அடியோடு ஒழிய 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஊரையும் பிறப்பையும் வைத்து ஒருவரை முன்கூட்டியே குற்றவாளியாக எழுதி வைத்தால் என்ன நேரும் என்பது இந்த வட்டாரத்துக்குப் பட்டறிவு.

அப்படிப்பட்ட மண்ணுக்குக் குற்ற வரைபடம் எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். என்றாலும், வரைபடம் வேண்டும் என்பதே நம் நிலை. அது வழிப்பறி நடந்த சாலையையும் நேரத்தையும் காட்ட வேண்டும். எந்தத் தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்பதைக் காட்டக் கூடாது.

பட்டியலுக்கும் வரைபடத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பழைய ஆய்வு விளக்கும். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் காவல் துறைக்கு வந்த அழைப்புகளை லாரன்ஸ் ஷெர்மனும் சக ஆய்வாளர்களும் முகவரி வாரியாகப் பிரித்து, 1989-இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்குச் சுமார் மூன்று முகவரிகளிலிருந்தே பாதி அழைப்புகள் வந்திருந்தன. ‘மோசமான ஏரியா’ என்று பெயரெடுத்த பகுதிகளிலும் பெரும்பாலான இடங்கள் அமைதியாகவே இருந்தன. கெட்ட பெயர் ஊர் முழுவதற்கும். தொல்லையோ சில மூலைகளில்.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. சாலை விபத்துகளை இடம் குறித்துப் பதியும் வழக்கம் இங்கே பல ஆண்டுகளாக உண்டு. நாடு முழுவதற்குமான விபத்துத் தரவுத் திட்டத்தை உருவாக்கியதே சென்னை ஐ.ஐ.டி.தான். மாநிலத்தில் 2016-இல் 17,218 ஆக இருந்த சாலை மரணங்கள் 2019-இல் 10,525 ஆகக் குறைந்ததாக அரசுக் கணக்கு சொல்கிறது. தலைக்கவசக் கெடுபிடி, 108 ஆம்புலன்ஸ் என்று காரணங்கள் பல. ஆனாலும் எந்த வளைவில் ஆட்கள் சாகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் அந்த வளைவைத் திருத்த முடிந்தது. விபத்துக்குச் செய்ததைச் சங்கிலிப் பறிப்புக்கும் பைக் திருட்டுக்கும் செய்ய என்ன தடை?

தரவு இல்லை என்று சொல்ல வழியில்லை. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் வழக்குகள் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. ஆக, ஒவ்வொரு வழக்கும் தனித்தனித் தாளாகக் கிடைக்கிறது. ஆனால் பார்த்திபனூரிலிருந்து கமுதி செல்லும் சாலையில் எந்தப் பகுதி இரவில் ஆபத்தானது என்று அபிராமத்துக்காரர் அறிய விரும்பினால், அவர் டீக்கடைப் பேச்சைத்தான் நம்ப வேண்டும். சாலையோரச் சீமைக் கருவேலத்தை வெட்டினால் போதுமா, விளக்குப் போட வேண்டுமா, கடைசிப் பேருந்தின் நேரத்தை மாற்ற வேண்டுமா என்பதைப் பேரூராட்சியும் போக்குவரத்துக் கழகமும் முடிவு செய்ய, டீக்கடைப் பேச்சு போதாது.

வரைபடம் தயாரிப்பதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. முதலாவது, வழக்குப் பதியாமல் புகாரைப் பெற்றதற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீது. ஆடு களவு போனது, பம்புசெட் ஒயர் அறுபட்டது என்று ஸ்டேஷனுக்குப் போகிறவர் ரசீதோடு திரும்பிவிட்டால் அந்தக் களவு வரைபடத்தில் ஏறாது. கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரில் தெரிந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இலேயே தீர்ப்பாகிவிட்டது. நடைமுறை அதற்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது. நியூயார்க்கில் 1994-இல் குற்றக் கணக்கை வைத்துக் காவல் நிலையங்களை மதிப்பிடும் ‘காம்ப்ஸ்டாட்’ முறை வந்ததும், எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டப் புகார்களை லேசாக்கி எழுதினார்கள் என்ற குற்றச்சாட்டும் பின்னாலேயே வந்தது. எனவே சி.எஸ்.ஆர். புகார்களும் 100, 112 அழைப்புகளும் சேராத வரைபடத்தை அரைகுறை என்றே கொள்ள வேண்டும். முதல் ஆண்டில் புள்ளிகள் கூடினால் அதற்காக எந்தக் காவல் ஆய்வாளரையும் தண்டிக்கக் கூடாது. புகார் ஒழுங்காகப் பதிவாகிறது என்பதற்கும் அது அடையாளமாக இருக்கலாம்.

இரண்டாவது பள்ளம் இன்னும் ஆழமானது. பிரிட்டனில் 2011 முதல் தெரு வாரியான குற்ற வரைபடம் பொதுவெளியில் உள்ளது. வீடு தெரியாதபடி புள்ளியைச் சற்றே நகர்த்தி வைக்கிறார்கள். அந்த உத்தி நம் கிராமத்தில் பலிக்காது. இங்கே தெரு என்றாலே பெரும்பாலும் சாதி. தெருவில் புள்ளி வைத்தால் அதைச் சாதியின் மேல் வைத்ததாகவே ஊர் படிக்கும். ஆகவே குடியிருப்புகளுக்குக் காவல் நிலைய எல்லை அளவிலான மொத்தக் கணக்கு போதும். துல்லியமான புள்ளிகள் நெடுஞ்சாலை, பேருந்து நிறுத்தம், சந்தை, டாஸ்மாக் கடை, கண்மாய்க் கரை போன்ற பொது இடங்களுக்கு மட்டுமே. குடும்ப வன்முறையும் பாலியல் குற்றங்களும் புள்ளியாக வரவே கூடாது.

காவல் துறையின் ஆர்வமோ ஆட்களைப் பின்தொடர்வதில் இருக்கிறது. ரவுடிகளைக் கண்காணிக்கப் ‘பருந்து’ செயலி, முகத்தை அடையாளம் காண ஒரு மென்பொருள். டெல்லி காவல் துறையின் ‘சிமாப்ஸ்’ வரைபட முறையை ஆராய்ந்த விதுஷி மர்தாவும் ஷிவாங்கி நாராயணும், அதன் தரவே ஏழைக் குடியிருப்புகளுக்கு எதிராகச் சாய்ந்திருப்பதை 2020-இல் எடுத்துக்காட்டினார்கள். குற்றத்தை முன்கணிக்கும் மென்பொருளை லாஸ் ஏஞ்சல்ஸ் காவல் துறை அதே ஆண்டில் கைவிட்டது. அங்கே விட்டதை இங்கே வாங்கிப் போட வேண்டியதில்லை.

ஆட்களை விட்டு இடங்களைக் கவனிக்கச் சட்டத்திலேயே வழி உண்டு. வன்கொடுமை நிகழக்கூடிய இடங்களை அரசு கண்டறிய வேண்டும் என்று 1995-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 3-ஆம் விதி சொல்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களைக் காப்பதற்கான வரைபடத்தைச் சட்டமே கேட்கிறது என்று பொருள். முதுகுளத்தூர்க் கலவரத்தை 1957-லும், பரமக்குடித் துப்பாக்கிச் சூட்டை 2011-லும் கண்ட மாவட்டம் இது. தலைவர்களின் நினைவு நிகழ்ச்சிகள் நடக்கும் செப்டம்பர் 11-க்கும் அக்டோபர் 30-க்கும் தடை உத்தரவு, வாகனங்களுக்குத் தனிப் பாதை, டிரோன் என்று ஆண்டுதோறும் திட்டமிடும் காவல் துறையிடம் இடம் பற்றிய அறிவு ஏராளம். அது பந்தோபஸ்து முடிந்ததும் கோப்புக்குள் போய்விடுகிறது.

ராமநாதபுரம் மாவட்டக் காவல் துறை அபிராமம், கமுதி நிலையங்களில் இதைத் தொடங்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெயரும் சாதியும் இல்லாத வரைபடத்தைப் பேரூராட்சி மன்றத்திலும் சுற்றியுள்ள கிராம சபைகளிலும் வைக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரே விளக்கு, பேருந்து, ரோந்து, புதர் வெட்டு ஆகியவற்றில் எது யார் பொறுப்பு என்று எழுதி, அடுத்த கூட்டத்தில் அது நடந்ததா என்று கேட்கும் உரிமையை மக்களுக்குத் தர வேண்டும்.