சத்தியம் வாங்காதீங்க, மார்க் போடச் சொல்லுங்க

ஆபாசப் படம் பார்க்கும் பழக்கத்தை விட முடியவில்லை என்று ஒருவர் சொன்னால், நாம் முதலில் கேட்பது, "இனி பார்க்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு".

இது வேலைக்கு ஆகாது என்பது என் கருத்து. ஏன்? வாங்க பார்ப்போம்.

நெய்வேலியில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புரியும். சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடித்து காலையில் ஒருவர் தன் வட்டத்துக்குத் திரும்புகிறார். பிள்ளைகள் ஸ்கூலுக்கு, மனைவி வேலைக்குப் போயாச்சு. உடம்பு அசதி, ஆனா தூக்கம் வரல. கையில் ஃபோன்.

"அஞ்சு நிமிஷம்" என்று ஆரம்பித்தது மதியம் வரை போகிறது. ராத்திரி மறுபடி டியூட்டி, அதுவும் தூங்காமல். இயந்திரங்களுக்கு நடுவே இது உயிருக்கே ஆபத்து.

குலசாமி மேல் செய்த சத்தியம் ஒரு வாரத்தில் உடையும். "நான் உருப்படவே மாட்டேன்" என்ற குற்ற உணர்ச்சி வரும். அதை மறக்க மறுபடி அதே ஃபோன்!

இதற்குப் பதில் இப்படிக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சூழ்நிலையிலும் பார்க்காமல் இருக்க முடியும் என்று எவ்வளவு நம்பிக்கை? 0 முதல் 100 வரை மார்க் போடுங்க.

• வீட்டில் எல்லாரும் இருக்கும்போது?
• மனைவியோடு சண்டை போட்ட அன்று?
• மனசு சோர்ந்திருக்கும்போது?
• நைட் ஷிப்ட் முடிந்து தனியாக இருக்கும்போது?

முதலாவதுக்கு 95 போடுபவர், கடைசிக்கு 20 போடலாம். ஆக, அவருக்கு மன உறுதியே இல்லை என்பது பொய். ஓட்டை ஒரு இடத்தில்தான். அடைக்க வேண்டியதும் அதைத்தான்.

இது நானாகச் சொல்வதல்ல. "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை பற்றி உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977லேயே எழுதினார். அந்த அடிப்படையில் அமெரிக்காவில் ஷேன் கிராஸ் குழுவினர் 2017ல் இந்தப் பழக்கத்துக்கென்றே 18 சூழ்நிலைகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார்கள்.

20 மார்க் வாங்கிய இடத்தில் என்ன செய்வது?

ஃபோனை ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டு படுக்கப் போங்க. ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டு அறையை இருட்டாக்குங்க. இரண்டு வாரம் கழித்து மறுபடி மார்க் போடுங்க. 20 என்பது 40 ஆனால் அது வெற்றி. நடுவில் ஒருநாள் சறுக்கினாலும்தான்.

எல்லாவற்றுக்கும் 100 போடுகிறீர்களா? கொஞ்சம் உஷார். பயத்தில் வந்த வேகமாக இருக்கலாம்.

இன்னொன்று. படம் பார்ப்பவர் எல்லாரும் நோயாளி அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலில் "கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை" கோளாறாக இருக்கிறது. ஆனால் பல மாதங்களாகக் கட்டுப்பாடு இழந்து, கடும் மன வேதனையோ, வேலை, குடும்பம் போன்றவற்றில் பெரிய பாதிப்போ இருக்க வேண்டும். "இது பாவம்" என்ற உறுத்தல் மட்டுமே நோய் ஆகாது.

தனியாகச் சமாளிக்க முடியவில்லையா? மனநல மருத்துவரைப் பாருங்கள். தயக்கமாக இருந்தால் 14416, டெலி மானஸ். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

கணவரோ மகனோ உங்களிடம் வந்து சொன்னால், அதுவே பெரிய தைரியம். திட்டாதீங்க. "எந்த நேரத்துல கஷ்டமா இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள்.